நியூ மாடல் ஷாப்பைப் பற்றி நமது அபிப்பிராயம்

சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து எழுதினால், எழுதும்போது பலகையில் ஒன்றும் தெரியாது. கை போன வழியில் ஒரு ஈரக்கோடு ஓடும், அவ்வளவுதான். காற்றுப்பட்டுக் காய்ந்த பிறகுதான் எழுத்து வெள்ளைவெளேரென்று எழுந்து வரும். அதற்குப் பிறகு துணி போட்டுத் துடைத்தாலும் லேசில் போகாது. கொழிஞ்சாம்பாறை வாசகசாலைக் கரும்பலகையில் பல வருஷம் எழுதியவன் என்ற முறையில் இதை உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். இந்த ஸ்டேஷன் வாசலில் இருக்கும் பலகையை யாரோ உலர்ந்த சாக்பீஸால் எழுதியிருக்கிறார்கள். களவு போன மாடுகளின் எண்ணிக்கையில் பாதி அழிந்திருக்கிறது. சர்க்காருக்கு அதுவும் ஒரு நிம்மதிதான்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். நீங்கள் இதை மொழி என்கிறீர்கள், நாங்கள் வாக்குமூலம் என்போம். நான் தமிழில் சொல்கிறேன், உங்கள் ரைட்டர் மலையாளத்தில் எழுதிக்கொள்ளட்டும். வழியில் ஏதாவது சிந்தினால் எல்லையோரத்தில் பிறந்த வார்த்தைகளுக்கு அது பழக்கம்தான்.

என் பெயர் சென்னிமலை. கொஞ்சம் கடலைக்காடு உண்டு. வாசகசாலைக்கு நான்தான் செயலாளர். காலையில் முதல் பஸ்ஸில் பத்திரிகைகள் வந்ததும் தலைப்புச் செய்திகளைப் பலகையின் மேல் பாதியில் எழுதுவேன். அதை யாரும் படிப்பதில்லை. கீழே கோடு போட்டு 'நமது அபிப்பிராயம்' என்று நாலு வரி எழுதுவேன். அதற்காகத்தான் பொள்ளாச்சி பஸ் டிரைவர்கூட வாசகசாலை முன்னால் பிரேக்கை மிதிப்பார்.

டூரிங் கொட்டகை வந்தபோது, "படத்திலும் மழை, கொட்டகையிலும் மழை, நனையாதவர் கதாநாயகி ஒருவரே" என்று எழுதினேன். கொட்டகைக்காரர் மறுநாளே கீற்று மாற்றினார். பெரிய தலைவர் ஒருவர் வந்து பொழுது சாய்கிற வரைக்கும் முழங்கிவிட்டுப் போனார். "மைக் நன்றாக வேலை செய்தது" என்று மட்டும் எழுதினேன். அவருடைய கட்சிக்காரர்களே சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ஊதின பலூன் எதைக் கண்டாலும் எனக்கு விரல் துறுதுறுக்கும். அது ஒரு வியாதி என்றால், ஊரே அந்த வியாதியை எனக்கு ஊட்டி வளர்த்தது.

அதில் முதல் ஆள் அர்த்தநாரி. சின்ன வயசிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள் நாங்கள். அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் நான். தினமும் பலகைக்கு எதிரே நின்று வாய்விட்டுப் படிப்பான். படிக்கத் தெரியாதவர்கள் அவனைச் சுற்றி நிற்பார்கள். என் எழுத்துக்கு அவன்தான் குரல். அதனால்தான், நடந்த எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் வலித்தது எது என்று நீங்கள் கேட்டால், பதில் அவன் பெயராக இருக்கிறது.

இனி மத்தியாஸ் முதலாளி. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கள்ளுக்கடைகளை மூடிய பிறகு பொள்ளாச்சி பஸ்ஸில் தாகத்தோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காலையில் வருகிற பஸ்ஸில் எல்லோரும் உட்கார்ந்து வருவார்கள். சாயங்காலம் திரும்புகிற பஸ்ஸில் பாதிப்பேரைச் சாய்த்துக்கொண்டு போவார்கள். மத்தியாஸ் ஷாப்பை ஏலத்தில் எடுத்து 'நியூ மாடல் கள்ளுஷாப்பு' என்று மூன்று பாஷையில் போர்டு வைத்தார். கள்ளுஷாப்பில் என்ன புது மாடல் என்று நீங்கள் கேட்கலாம். பெஞ்சுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார். திறப்பு விழாவுக்கு நாதஸ்வரம், ரிப்பன், கத்தரிக்கோல் வைக்க ஒரு வெள்ளித்தட்டு. விழாவில் அவர் பேசியபோது, கள் இறக்குவது தேச நிர்மாணத்தின் ஒரு பகுதி என்று எங்களுக்கெல்லாம் முதல் தடவையாகத் தெரிந்தது. அர்த்தநாரிக்கு அங்கே ஊற்றிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. சிபாரிசு செய்தவன் நான்தான்.

மாசி மாதம் ஒரு நாள் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தபோது அர்த்தநாரி சொன்னான்.

"சென்னி, ஆரு கிட்டயும் சொல்லீராத. ஷாப்புல கலக்கறாங்கடா."

அவன் சொன்னான். நான் கேட்டேன். மறுநாள் காலையில் எழுதினேன். எழுதியதை அப்படியே சொல்கிறேன், ரைட்டரிடம் நிறுத்தி நிதானமாக எழுதச் சொல்லுங்கள்:

"நியூ மாடல் ஷாப்பில் கள் மரத்திலிருந்து இறங்குவதில்லை, மருந்துப் புட்டியிலிருந்து இறங்குகிறது. குடித்துவிட்டு ஏறியவருடைய பஸ் பொள்ளாச்சிக்குப் போகும். அவர் போய்ச் சேரும் இடம் வேறு."

நான் கள் குடிப்பதில்லை. குடிக்காதவன் எப்படி அபிப்பிராயம் எழுதலாம் என்று பிறகு மத்தியாஸின் வக்கீல் கேட்டார். மாட்டைப் பற்றி எழுத மாடாக வேண்டுமா.

அன்றைக்குப் போல் பலகை முன்னால் கூட்டம் நின்றதில்லை. பஸ் கண்டக்டர்கள் வரிகளை மனப்பாடம் செய்து பொள்ளாச்சி ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோனார்கள். பச்சை பெஞ்சுகள் காலியாகின. எக்சைஸ்காரர்கள் வந்து புட்டியில் சாம்பிள் பிடித்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் ஒரு வண்டிக்காரர் என்னை நிறுத்தி, "ஏனுங்க செயலாளரே, இனி நாங்கெல்லாம் மோருதாங் குடிக்கோணுமா?" என்றார். எனக்கு அது விருது.

மூன்றாம் நாள் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. சாக்பீஸ் எழுத்துதானே, அழித்தால் போயிற்று என்று நினைத்திருந்தேன். ஆனால் மத்தியாஸ், ஸ்டுடியோ அலியாரைக் கூட்டிவந்து பலகையைப் போட்டோ எடுத்துவிட்டார். நான்தான் நனைத்து எழுதுகிறவனாயிற்றே, எழுத்து கல்யாணப் போட்டோபோல விழுந்திருந்தது. நோட்டீஸின் சாரம் இதுதான்: உத்தம வியாபாரியும் சமூக சேவகருமான எங்கள் கட்சிக்காரருக்கு நீர் மானநஷ்டம் உண்டாக்கிவிட்டீர். ஒரு வாரத்தில் அதே பலகையில், அதே கையால், 'நான் எழுதியது பொய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் சிவில், கிரிமினல் இரண்டும் பாயும்.

சிறைக்கு நான் பயப்படவில்லை. இப்போது என்னைப் பார்க்கிறீர்களே, பயந்தவன் மாதிரியா இருக்கிறேன். ஆனால் அந்தப் பலகையில் அந்த வார்த்தை. அர்த்தநாரி அதை வாய்விட்டுப் படிப்பதும், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பதும். இத்தனை வருஷம் அவர்களுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். எந்த இடத்தில் எப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா.

சித்தூர் கோர்ட்டில் ஒரு கல்பாத்தி வக்கீலைப் போய்ப் பார்த்தேன். நோட்டீஸைப் படித்துவிட்டுப் பொடி போட்டுக்கொண்டார்.

"நீங்கள் எழுதினது நேரோ?"

"நேர்தான், உண்மைதான்."

"நேர்னா பயப்பட வேண்டாம், கேட்டேளா. மானநஷ்டத்துக்கு நேரைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனா அது தானா நடந்து கோர்ட்டுக்கு வராது. யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிண்டு வரணும். ஆள் உண்டோ?"

உண்டு என்றேன்.

"அப்படின்னா அழைச்சிண்டு வாங்கோ. இல்லையா, மாப்பு எழுதிக் குடுத்துட்டு ஆத்துல போய்ப் படுத்துக்கோங்கோ."

அங்கிருந்து நேரே அர்த்தநாரியின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கமலாத்தாள் கடலையை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்கண்ணா, உக்காருங்க" என்றாள். அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

அர்த்தநாரி என் கண்ணைப் பார்க்கவில்லை. "என்றா எழுதி வெச்சிருக்கறே? நாஞ் சொன்னது அதாடா?" என்றான்.

"கலக்கறாங்கன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"அதைக் கோர்ட்டுல வந்து சொல்லு."

"நாஞ் சொன்னதச் சொல்லச் சொன்னா வர்றேன். நீ எழுதுனதச் சொல்லச் சொன்னா எப்படிறா வருவேன்? சாமி மேல கை வெச்சுச் சத்தியம் பண்ணோணுமல்ல?"

கமலாத்தாள் இடையில் வந்தாள். "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஒருக்கா மாப்புன்னு எழுதிப் போட்டா என்னங்க? சாக்பீசுதானுங்களே. மறுநா அழிச்சுப் போடலாம்."

சாக்பீசுதானே. என் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் அர்த்தநாரி மத்தியாஸின் வக்கீலிடம் போய், மருந்து எதுவும் கலக்கவில்லை என்று கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டான். கையெழுத்துப் போடத் தெரிந்தவன். எழுத்து வடிவங்களை அவனுக்கு மணலில் எழுதிக் காட்டியவனும் நான்தான். இருந்தும் கைநாட்டு வைத்தான். என் கையிலிருந்து வந்த எழுத்தால் எனக்கெதிராகக் கையெழுத்துப் போட வெட்கமாக இருந்திருக்கும் என்று நானே அவனுக்காக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். துரோகத்தில்கூட அவனுடைய நல்ல பக்கத்தைத் தேடினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு மத்தியாஸே வாசகசாலைக்கு வந்தார். பட்டு ஜிப்பா, பவுடர் வாசனை. வழக்கு என்றால் அவருக்கும் செலவு, ஷாப்பும் காலியாகக் கிடந்தது. "செக்ரட்டரி அவர்களே," என்றார், "நமக்குள்ள கோர்ட் எதுக்கு? நம்ம நாட்டு மரியாதப்படி கலயம் வெச்சுத் தீத்துக்கலாம். ஜனங்க முன்னால நம்ம கள்ள நீங்க ஊத்தித் தந்து, நீங்களும் குடிச்சாப் போதும். பலகையில ரெண்டு வரி. அத்தோட நான் க்ஷமிச்சாச்சு."

கலயம் வைப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் கடற்கரைப் பக்கத்து ஆள். மரமேறிகளுக்குள் ஆரம்பித்த வழக்கம். தோப்புச் சண்டை, வாய்ச் சண்டை எல்லாம் இப்படித்தான் தீரும். தவறு செய்தவன் பின்கட்டிலிருந்து கலயத்தைத் தன் தலையில் சுமந்து வர வேண்டும். கூட யாரும் நடக்கக் கூடாது, கை கொடுக்கக் கூடாது. சுமை அவனுடையது என்று அர்த்தம். சபையில் தன் கையாலேயே ஊற்றிக் கொடுக்க வேண்டும். மனம் நொந்தவர் முதலில், அப்புறம் சாட்சி, அப்புறம் வந்தவர்கள் எல்லோரும். தவறு செய்தவனுக்குக் கடைசியில் அடி மண்டி. அதைக் குடித்துவிட்டால் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

முன்பொரு தடவை இந்த வழக்கத்தைப் பற்றியும் அபிப்பிராயம் எழுதியிருக்கிறேன். "யாரைக் குற்றவாளி என்கிறோமோ அவன் கையிலிருந்தே முதல் குவளையை வாங்கிக் குடிக்கிறோம். நம் ஊர் நீதிக்குத் துணிச்சல் அதிகம்" என்று. அர்த்தநாரி அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

மத்தியாஸிடம் சம்மதம் என்றேன்.

கடலையில் கம்பளிப்புழு விழுந்த வருஷம் நான் மருந்து வாங்கியிருந்தேன். தெளித்தது போக மிச்சம் வீட்டில் இருந்தது. இரண்டு நாளாக நீங்கள், 'எங்கே வாங்கினாய், யார் கொடுத்தார்' என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பெரிய சதி ஒன்றும் இல்லை, விவசாயி வீடுகளில் பரணில் இருக்கும் சாமான்தான். புகையிலைப் பொட்டலம் அளவுக்கு மடியில் இடம் பிடித்தது. பின்கட்டுக்கும் முன்பக்கத்துக்கும் நடுவில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் வர வேண்டும். வழக்கப்படி கூட யாரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து மத்தியாஸ் வந்த பிறகு. பச்சை பெஞ்சு நிறைய ஆட்கள். இலவசக் கள் என்று கேள்விப்பட்டுப் பொள்ளாச்சி பஸ்ஸும் நின்றிருந்தது. அலியார் கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார். கமலாத்தாள் வேகவைத்த கடலைக் கூடையோடு வந்திருந்தாள்.

"அண்ணா, இன்னிக்கோட எல்லாந் தீந்துருமுங்களா? இனி ஊட்டுக்கு வருவீங்களா?" என்றாள்.

"வர்றேன், ஆத்தா" என்றேன். கலயம் தலையில் இருந்ததால் அவளைக் குனிந்து பார்க்க முடியவில்லை.

முதல் குவளையை மத்தியாஸிடம் கொடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் கணக்கு அவரோடு முடிந்திருக்க வேண்டும். ஒரு ஆள் மயங்கி விழுந்தால் போதும். வக்கீல் சொன்ன மாதிரி, உண்மையைக் கையைப் பிடித்துச் சபைக்கு அழைத்து வந்ததாகிவிடும். ஆனால் கேமராவைக் கண்டால் அந்த மனுஷனுக்குப் பேச்சு வந்துவிடும். குவளையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கள் ஒரு பானமல்ல, அது ஒரு பண்பாடு என்று ஆரம்பித்தார். ஆதாம் வரைக்கும் போனார். பிறகு, "சத்தியம் சொன்ன தொழிலாளிக்குத்தான் இன்னிக்கு முதல் மரியாதை" என்று சொல்லி அர்த்தநாரியைக் கூப்பிட்டுக் குவளையை அவனிடம் நீட்டினார். இன்னொன்று ஊற்றித் தரும்படி எனக்குச் சைகை காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

அர்த்தநாரி குவளையோடு என் முன்னால் வந்து நின்றான். நோட்டீஸ் வந்த பிறகு அன்றுதான் என் கண்ணைப் பார்த்தான்.

"சென்னி, இத்தோட தீந்துதுடா. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."

தட்டிவிட்டிருக்கலாம் என்கிறீர்கள். கை காலியாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். தட்டிவிட்டால் சபையில் என்ன காரணம் சொல்வது. தவிர, சாட்சி சொல்ல வா என்று நான் கூப்பிட்டபோது வராதவன் அவன். இப்போது தானாக வந்து நிற்கிறான்.

குடித்தான். முகத்தைச் சுளித்தான். "என்றா இது, ஒரு மாதிரிக் கசக்குது?"

"உங்க முதலாளி ஷாப்புக் கள்தானே" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

பிறகு வரிசை வந்துவிட்டது. கண்டக்டர், வண்டிக்காரர், பஸ்ஸிலிருந்து இறங்கிய முகம் தெரியாதவர்கள். சபையில் நீட்டிய குவளையை மறுத்தால் மரியாதையில்லை. ஊற்றினேன். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர்கள் என்று நீங்கள் நேற்று மேஜையைத் தட்டினீர்கள். ஆமாம். அவர்கள் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. அதனால்தான் யாருக்கும் கூடக்குறைய ஊற்றவில்லை.

அர்த்தநாரி பச்சை பெஞ்சில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு நடந்தது உங்கள் மகசரில் விவரமாக இருக்கிறது. கமலாத்தாளின் கடலைக் கூடை கவிழ்ந்ததை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். மத்தியாஸ் பிழைத்துக்கொண்டார். கூச்சல் கிளம்பியபோதும் அவர் கையில் இரண்டாவது குவளை அப்படியே இருந்தது, பேச்சு நம் காலத்துக்கு வந்து சேரவில்லை. வாழ்நாள் முழுக்க எந்த நீண்ட பேச்சை நான் கிண்டல் செய்தேனோ, அது ஒரு தடவை ஒரு உயிரைக் காப்பாற்றியது. நியாயமாகப் பார்த்தால் அதையும் பலகையில் எழுதியிருக்க வேண்டும்.

கலயத்தின் அடியில் என் பங்கு மண்டி மிச்சமிருந்தது. பார்த்தேன். குடிக்கவில்லை. நான்தான் கள் குடிப்பதில்லையே.

வாசகசாலைக்குப் போய்ச் சாக்பீஸை நனைத்து எழுதினேன்: "நியூ மாடல் ஷாப்பைப் பற்றிய நமது அபிப்பிராயத்தில் மாற்றமில்லை." உங்கள் ஜீப் வந்தபோது பலகையில் ஒன்றும் இல்லை என்றுதான் உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். காய்கிற வரைக்கும் நிற்கச் சொன்னேன். நிற்கவில்லை.

இப்போது மேஜை மேல் ஒரு காகிதத்தை நகர்த்தி வைக்கிறீர்கள். எக்சைஸ்காரர்கள் முன்பு பிடித்துக்கொண்டு போன சாம்பிளின் ரிசல்ட். மருந்து இல்லை, மயக்குவது எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறது. அன்றைக்கு வாய்க்காலில் அர்த்தநாரி உன்னிடம் என்னதான் சொன்னான், எதைக் கலக்குவதாகச் சொன்னான் என்று கேட்கிறீர்கள்.

தண்ணீர் என்றான்.

கூட்டம் அதிகமானால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கலக்குகிறார்கள் என்றான். அவ்வளவுதான் சொன்னான். நீங்களே சொல்லுங்கள் சார், தண்ணீர் என்று எழுதினால் எந்த பஸ் நிற்கும், யார் நின்று படிப்பார்கள்? அது அவனுக்கும் தெரியும். என் வரிகளைப் படித்து எத்தனை வருஷம் ஊரைச் சிரிக்க வைத்தவன். ஒரே ஒரு வார்த்தை, எனக்காக, கோர்ட்டில் மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தண்ணீருக்காக என்னைக் கைவிட்டான்.

நான் எழுதிய அன்று அது உண்மை என்று தெரியவில்லை, அதுதான் விஷயம். காய்ந்த பிறகு ஊரே பார்த்தது. என் பலகையில் ஒரு நாளும் பொய் எழுதப்பட்டதில்லை என்று உங்கள் மொழியில் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே கையெழுத்துப் போடுகிறேன். எனக்குக் கைநாட்டு வைத்துப் பழக்கமில்லை.